ஓட வைக்கிற மருந்து

கூடத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "கலா, பால் எடுத்துகினு வா. நேரம் ஆவுது."

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். பால் காய்ச்சி ஆறியிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து, அதற்குள்ளேயே கிடக்கும் சின்னக் கரண்டியால் மாவு எடுத்து, பாலில் தூவிக் கலக்கினேன். கட்டி தட்டாமல் இருக்க ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும். கலக்கிவிட்டு ஸ்பூனைத் தூக்கிச் சரித்துப் பார்த்தேன். தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. பதம் சரியாக வந்திருக்கிறது என்று திருப்தியாகக் கூட இருந்தது.

கூடத்தில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவரை வளர்த்த பெரியம்மா கேட்டது அவர் வாயில் ஊற்றுவதற்கான கடைசிப் பால்.

கடைசிப் பாலில் யாராவது மாவு கலப்பார்களா? நான் கலந்தேன். ஏன் கலந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் பெயிண்ட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவும் மருந்தும்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: பெயிண்ட் கம்பெனியில் பெண்களுக்கு என்ன வேலை, டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவதா? அம்மா, லேபிள் ஒட்ட மெஷின் இருக்கிறது. நான் இருப்பது லேபில், பரிசோதனைக் கூடத்தில்.

ஒரகடம் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் இல்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் இருக்கிற இரும்புச் சட்டம், டிராக்டர் பாகங்கள், இதற்கெல்லாம் அடிக்கிற பெயிண்ட். மழையிலும் சேற்றிலும் கிடந்து துரு ஏறாமல் இருக்க வேண்டும். அதனால் நிறப்பொடியை வாரி வாரிப் போடுவோம். அதிலும் கறுப்பு இருக்கிறதே, அது ஒரு தனிப் பிசாசு. மையை விட நைசான கரிப்பொடி. ஒரு மூட்டையை அவிழ்த்தால் அன்றைக்குச் சாயங்காலம் மூக்கைத் துடைக்கிற கைக்குட்டையும் கறுப்புதான்.

அந்தக் கரியை ரெசின் என்கிற பிசின் திரவத்தில் கொட்டி மெஷினைச் சுற்றவிட்டால் கொஞ்ச நேரத்தில் மொத்தமும் இறுகி, கேழ்வரகுக் களி மாதிரி கலக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். மோட்டார் முனகும். பிளான்ட்டில் அதற்குப் பெயர் மாவு. "மேடம், மாவு ஓடல" என்பதுதான் என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட வாக்கியமாக இருக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன "போய் சொல்லி அனுப்புறோம்" என்பதைக் கூட அத்தனை முறை கேட்டதில்லை.

ஏன் ஓடாது? கரித்துகள்கள் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற திரவத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடும். பாத்திரத்தில் ஈரம் இல்லாமல் இல்லை. அதற்கு வெளியே வர வழி இல்லை.

சுலபமான வழி ஒன்று உண்டு. பெயிண்ட்டை நீர்க்கவைக்கும் தின்னரை எடுத்துக் கவிழ்த்துவிடலாம். ஓடும். நன்றாகவே ஓடும். ஆனால் அடித்த பெயிண்ட் இரும்பில் நிற்காமல் வழிந்து கீழே சொட்டும், பூச்சு சோகை பிடித்ததுபோல வெளுத்திருக்கும். தின்னர் ஊற்றியவன் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

சரியான வழி, ஓட வைப்பதற்கென்றே டிரம்மில் வரும் ஒரு திரவம். அதன் பெயர் டிரம்மின் அகலத்துக்கு நீளமாக எழுதியிருக்கும். யார் வாயிலும் நுழையாது. அதனால் பிளான்ட்டில் எல்லோருக்கும் அது மருந்து. "மருந்து போட்டாச்சா?" "மருந்து பத்தல." ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முன்னால் எங்கள் மேனேஜரே, அத்தனை இங்கிலீஷுக்கு நடுவில், மருந்து என்று சொல்லிவிட்டு முழித்தார்.

அந்த மருந்துக்கு ஒரு பக்கம் கை, ஒரு பக்கம் வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை போய் கரித்துகளைப் பிடித்துக்கொள்ளும். வால் திரவத்தில் நீண்டு நிற்கும். வால் குறுக்கே நிற்பதால் துகள்கள் பழையபடி ஒட்டிக்கொள்ள முடியாது. பூட்டிக் கிடந்த திரவம் வெளியே வரும். அந்த நேரத்தில் மோட்டாரின் சத்தம் மாறும். முனகல் நின்று ஓர் இரைச்சல் வரும். மேலே ஏறியிருந்த மாவு மடங்கி விழுந்து, நடுவில் குழி விழுந்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று சுற்ற ஆரம்பிக்கும். மாவு உடைஞ்சிடுச்சு என்பார்கள். எத்தனை வருஷம் பார்த்தும் அந்த நிமிஷம் எனக்கு அலுக்கவே இல்லை.

இதில் ஒரு சங்கடம். மருந்து அளவு மீறினால் மறுபடி கெட்டியாக ஆரம்பிக்கும். பிடித்துக்கொள்ளத் துகள் கிடைக்காத மருந்து சும்மா இருக்காது, அதுவே வேறு வம்பை இழுக்கும். ஒவ்வொரு லோடு கரிக்கும் தாகம் வேறு வேறு. அதனால் லேபில் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, சொட்டுச் சொட்டாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் கப்பில் ஊற்றிப் பார்ப்போம். கப் என்றால் அடியில் ஓட்டை போட்ட கிண்ணம். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். விரலை எடுத்ததும் நூல் மாதிரி ஒழுகும். நூல் அறுந்து முதல் சொட்டு விழும் வரை எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. ஓடுகிறதா, எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது. இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உள்ளே போ, உள்ளே போ

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டிய சேகர்தான் என்னைக் கட்டிக்கொண்டவர். குன்றத்தூர் அடிவாரத்தில் தினமும் நான் ஏறுவேன். தாமதமாக வந்தால் ஹார்ன் அடிக்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் வயதான பிறகு நடந்த கல்யாணம். பிள்ளைகள் இல்லை.

கல்யாணமான புதிதில், மருந்து என்ன செய்யும் என்று அவருக்கு விளக்கினேன். கை, வால் எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது கண்டக்டர் வேலைதான?" என்றார்.

"எப்படி?"

"டவுன் பஸ்ல பாத்திருக்கியா? எல்லாம் படிகிட்டயே ஒருத்தன ஒருத்தன் புடிச்சிகினு நிப்பானுங்க. உள்ள எடம் கீது, எவனும் போமாட்டான். கண்டக்டர் பூந்து 'உள்ள போ, உள்ள போ'ன்னு தள்ளி வுட்டா, அதே கூட்டம், அதே பஸ்ஸு, ப்ரீயா ஆயிடும்."

இதைவிட நன்றாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறேன். யார் சொன்னது என்று சொல்வதில்லை.

பிறகு கம்பெனிகளுக்கு பஸ் விடும் கான்ட்ராக்டர் அவரைச் சுங்குவார்சத்திரம் ரூட்டில் போட்டார். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்களை இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் நிற்பார். அவரும், அதே கான்ட்ராக்டரிடம் வண்டி ஓட்டும் பெஞ்சமினும். எங்களைவிடச் சின்னவன். அவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான்.

அங்கே அவர் குடிப்பது லைட் டீ. ஊரில் எல்லோரும் ஸ்ட்ராங் கேட்டால் இவருக்கு மட்டும் லைட். ஒரு நாள் எனக்கும் வாங்கிக்கொடுத்தார். கண்ணாடி டம்ளருக்கு அந்தப் பக்கம் போகிற லாரியின் நம்பர் தெரிந்தது. "இது டீ இல்ல, டீத்தூளைக் காட்டிட்டு எடுத்த தண்ணி" என்றேன்.

"உன் கப்புல ஊத்தினா இன்னா வரும்?"

"ஊத்தி முடிக்கறதுக்குள்ள ஓடிப் போயிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்து புரை ஏறிவிட்டது. டீ மூக்கு வரை வந்தது. நான் தலையில் தட்டினேன். "யாரோ நெனைக்கறாங்க" என்றேன்.

"நெனைக்கறவதான் பக்கத்துல நின்னுகினு கீறாளே. வேற எவ நெனைக்கப் போறா?" என்றார். பெஞ்சமின் கடைக்காரரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தேன் பதம்

அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. பெஞ்சமின்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். உயிர் பிழைத்தார். வலது கை போனது. பேச்சு குழறியது. அதெல்லாம் நான் பயந்த விஷயங்கள். பயப்படத் தெரியாத ஒன்றும் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான், மூச்சு நின்றுவிடும்போல இருமினார். வழக்கம்போல நான் தலையில் தட்டப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், இது அந்தப் புரை இல்ல. சாருக்குத் தொண்டை மூடுறது லேட்டாகுது. தண்ணி, டீ, மோர் எல்லாம் வேகமா ஓடிடும். மூடுறதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிடும். எது குடுத்தாலும் இந்தப் பவுடரைக் கலந்து தேன் பதத்துல குடுங்க."

"ஓடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"ஓடலாம். மெதுவா ஓடணும்."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பகலெல்லாம் ஓடாததை ஓட வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஓடுகிறதை நிறுத்த வேண்டும். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு என் வேலை என்னவென்று தெரிந்திருக்கிறது, அதை வைத்துக் கேலி செய்கிறார் என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள மணிமங்கலத்திலிருந்து அவருடைய பெரியம்மா வந்து தங்கினார். தண்ணீரில் பவுடர் போடுவது பெரியம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. "தண்ணிய கூட கூழாக்கித் தர்றாளே, இன்னா பாவம் பண்ணான் என் புள்ள" என்பார். ஆனால் நான் சொன்னபடி கலக்குவார். கை நடுங்கினாலும் கட்டி தட்டாது.

ஒரு நாள் லேபில் கறுப்பு மாவு உடைந்து ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மேனேஜர் என்னவென்று கேட்டார். தின்னர் வாடை சார் என்றேன். லேபில் வேலை செய்கிறவர்கள் அழுவதற்கு இந்த ஒரு வசதி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டீ

லைட் டீயில் பவுடர் கலந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கும். முதல் தடவை கொடுத்தபோது டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனையோ வலியைப் பொறுத்த மனிதர், அந்த டீயைப் பார்த்துத்தான் அழுதார்.

பெஞ்சமின் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சுங்குவார்சத்திரம் கடையிலிருந்து ஃபிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு வருவான். கடைக்காரருக்கு லைட்டாகப் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் அதில் பவுடரைக் கலப்பேன். இவர் தலையை ஆட்டி மறுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சமின் பொறுக்க முடியாமல் அந்த டம்ளரிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அண்ணி, இத மனுசன் குடிப்பானா?"

"நீங்க குடிக்க வேணாம் தம்பி, வெச்சிடுங்க."

வைக்கவில்லை. "எனக்கும் இப்டியே கலக்குங்க அண்ணி" என்றான். அவனுக்கும் ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஸ்பூனால் டீ சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் வேறு மாதிரி டீ குடித்ததே இல்லை. இவரும் அன்றிலிருந்து மறுக்கவில்லை.

எச்சில்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சிப் பெண் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "எச்சில் பட்ட ஸ்பூனைத் திருப்பி டம்ளர்ல போடாதீங்க." நானும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எச்சில் பார்க்கிறாளாம். எச்சில் என்ன எச்சில்? கட்டின புருஷன் எச்சில் எனக்கு என்ன செய்யும், வளர்த்த பிள்ளையின் எச்சில் பெரியம்மாவுக்கு என்ன செய்யும்? பெரியம்மா வீட்டுக்கு வந்ததும், "படிச்ச பொண்ணு, ஆச்சாரம் பாக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதி வரை ஒழுங்காகப் போனது. பாதிக்கு மேல் திடீரென்று இருமல். கண் செருகிவிட்டது. முதுகைத் தடவி நிமிர்த்தி உட்காரவைத்த பிறகு டம்ளரைப் பார்த்தேன். தேனாக இருந்தது தண்ணீராகியிருந்தது. லேபில் இப்படி நடந்தால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். விழுந்தது எச்சில். வாயில் ஊறுகிற நீர் அந்த மாவைக் கரைத்துவிடும், சோற்றைக் கரைப்பதுபோல. ஒவ்வொரு தடவை ஸ்பூன் டம்ளருக்குத் திரும்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தப் பெண் சொன்னது அந்த எச்சில். நாங்கள் கேட்டது தீட்டுப் பார்க்கிற எச்சில். நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சல் எதுவும் வராமல் அன்றைக்குத் தப்பினார். அன்றிலிருந்து கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் ஊட்டினோம். விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மா, "அவன் வாயே அவனுக்கு எதிரியா ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

ரெண்டு சொட்டு

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சொற்கள் வாய்க்குள்ளேயே உருண்டு, கடைசியில் கனமாக வெளியே விழும். பழகிய எங்களுக்குப் புரியும். ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத லேப் வாடை.

"கலா... உங்க... மருந்து..." என்றார்.

"எந்த மருந்து?"

"ஓட வெக்கிற... மருந்து. ரெண்டு சொட்டு... கொண்டா." நாக்கை வெளியே நீட்டி, இடது கை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க... வுடு. மாவு... ஓடல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் போகிற சிரிப்பு. நானும் சிரித்தேன். பஸ்ஸில் கண்ணாடியில் பார்த்துச் சிரித்த அதே ஆள். வியாதிக்கு அவருடைய நாக்கு அகப்பட்டது, கேலி அகப்படவில்லை. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய், கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தச் சொட்டு எங்கேயாவது கிடைக்கும் என்றால் நான் டிரம்மோடு தூக்கி வந்திருப்பேன்.

பயிற்சிப் பெண் நம்பிக்கையாகத்தான் இருந்தாள். தொண்டை தேறி வருகிறது என்றாள். அடுத்த பரிசோதனையில் ஒழுங்காக விழுங்கினால், பவுடரைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் எதுவும் கலக்காமல் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள்.

"தண்ணியா, மேடம்?" என்று அவளைக் கேட்டது நான் இல்லை. அவர். அந்த இரண்டு சொல்லும் அன்றைக்குத் தெளிவாக வந்தன.

"தண்ணி, டீ, எது வேணும்னாலும் சார்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவர் தொண்டையை அசைத்துப் பயிற்சி செய்துகொண்டே வந்தார். எச்சிலைக் கூட்டுவார், விழுங்குவார், என்னைப் பார்ப்பார். பெஞ்சமினிடம் போனில் சொன்னேன். "தேறினதும் ஃபிளாஸ்க் வேணாம் அண்ணி. அண்ணனைக் கடைக்கே கூட்டினு போறேன். வண்டியிலயே" என்றான். அதன் பிறகு தினமும் பயிற்சி. தாடையை மார்பில் ஒட்டி விழுங்க வேண்டும், நாக்கை மேலண்ணத்தில் அழுத்த வேண்டும். காலண்டரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பள்ளிக்கூடத்தில் கூட அவர் இப்படிப் பரீட்சைக்குப் படித்திருக்க மாட்டார்.

பரிசோதனை நாள் வரவில்லை. அதற்கு முன்னால் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

டீயிலும் பால்தான்

இப்போது அடுப்படிக்கு வருகிறேன். டம்ளரில் மாவு கலந்த பாலோடு நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. அதைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில் நேரம். தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஹார்ன் அடிக்கவில்லை. விஷயம் தெரிந்த யாரோ டிரைவர்.

பெரியம்மா டம்ளரை வாங்கி ஸ்பூனால் கிளறினார்.

"இன்னாடி இது?"

"அப்டித்தான் பெரியம்மா குடுக்கணும். தண்ணியா குடுத்தா பொரை ஏறிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. கூடத்தில் இருந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பெரியம்மா திட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். என் கன்னத்தைத் தடவி, "இனிமே ஏறினா இன்னாடி, கண்ணு" என்றார்.

கதவோரம் பெஞ்சமின் நின்றிருந்தான். யூனிபாரம் கூட மாற்றவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் கையில் ஃபிளாஸ்க் இருந்தது.

"அண்ணி, டீ கொண்டாந்தேன். லைட்டு."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். கடைசியில் ஊற்றுவது பால்தான், அல்லது தண்ணீர், துளசி. டீ ஊற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. பெரியம்மா ஃபிளாஸ்கைப் பார்த்தார்.

"ஊத்து" என்றார். "டீலயும் பாலுதான கீது."

ஃபிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றினான். வாசனை வந்தது. எதுவும் கலக்கவில்லை. ஸ்பூனில் எடுத்தபோது டீக்குள் ஸ்பூனின் அடி தெரிந்தது. இத்தனை மாதங்கள் அவருக்கு நான் தராத டீ. ஒரு நாளும் தரமாட்டேன் என்று சண்டை போட்ட டீ. உதடு லேசாகத் திறந்திருந்தது. ஊற்றினேன். நின்று, யோசித்து, இறங்கும் அந்தத் தேன் பதம் இல்லை. விட்டதும் ஓடிவிட்டது.

என் இடது கை அதுபாட்டுக்கு எழுந்து அவர் உச்சந்தலைக்கு மேலே போய் நின்றது, தட்டுவதற்கு. இருமல் வரும் என்று காத்திருந்தேன். பெஞ்சமின் காத்திருந்தான். பெரியம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் புரை ஏறவில்லை.